தோல் வணிகத்திலிருந்து விஷ சேகரிப்புக்கு: இருளர் கூட்டுறவு தரும் பாடம்

காட்டு விலங்குகளைப் பிடித்து, அவற்றின் தோலையோ உரோமத்தையோ விற்று வாழும் மக்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளனர். இவர்களது வருவாய் தொலைதூரச் சந்தையின் போக்கைச் சார்ந்தது. 1983-இல் ஐரோப்பியச் சமூகம் சீல் குட்டிகளின் தோல் இறக்குமதியைத் தடை செய்தது. குட்டிகளை வேட்டையாடாத கனடிய வடபுலத்து இனூயிட் மக்களின் சீல் தோலுக்கும் அதனால் விலை வீழ்ந்தது. இத்தகைய நெருக்கடியைத் தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் முன்னரே சந்தித்தவர்கள் இருளர் பழங்குடியினர்.

தடையும் அதன் விளைவும்

செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்கள் மண்ணில் பதிந்த தடத்தைக் கொண்டே பாம்பின் வகையையும் அது சென்ற திசையையும் அறிய வல்லவர்கள். வளையைத் தோண்டி எலி பிடிப்பதும், அங்குள்ள நெல்லைச் சேகரிப்பதும் இவர்களது பழந்தொழில்கள். கைப்பைகளுக்கும் காலணிகளுக்கும் பாம்புத் தோல் வெளிநாடுகளில் விரும்பப்பட்டதால், இத்திறமை வணிகர்களுக்குப் பயன்பட்டது. சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் முதலியவை பெருமளவில் கொல்லப்பட்டன. ஆதாயத்தின் பெரும்பகுதி இடைத்தரகர்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் சென்றது. பிடித்தவருக்குக் கிடைத்தது சொற்பமே.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. வயல்களில் எலிகளைக் கட்டுப்படுத்தும் பாம்பினம் அழியாதிருக்க இத்தடை இன்றியமையாதது. எனினும், நிலமற்ற இருளர் குடும்பங்களுக்கு வேறு வருவாய் இல்லை. முதலீடு உள்ள வணிகர் வேறு தொழிலுக்கு மாறலாம்; பாம்பு பிடிப்பதை மட்டுமே அறிந்தவர் மாறுவது எளிதன்று.

கூட்டுறவின் தோற்றம்

இந்நிலையில், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால், 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் இச்சங்கம் இயங்கி வருகிறது. கொன்று தோலுரித்தால் ஒரு பாம்பிலிருந்து ஒரு முறையே வருவாய் கிடைக்கும். உயிருடன் வைத்து விஷம் எடுத்தாலோ பாம்பும் பிழைக்கும், தொழிலும் நிலைக்கும். சங்கத்தின் அடிப்படை இதுவே.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைகளை உறுப்பினர்கள் பிடித்து வருகின்றனர். பாம்பின் வகைக்கேற்ப அவர்களுக்குத் தொகை வழங்கப்படுகிறது. பாம்புகள் மண்பானைகளில் சுமார் மூன்று அல்லது நான்கு வாரங்கள் வைக்கப்பட்டு, வாரம் ஒரு முறை விஷம் எடுக்கப்படுகிறது. பின்னர், வயிற்றுப்புறச் செதிலில் அடையாளமிடப்பட்டு, அவை காட்டில் விடப்படுகின்றன. உலர்த்திப் பொடியாக்கப்பட்ட விஷம் மருந்து நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. அவை அதனைச் சிறிது சிறிதாகக் குதிரைகளின் உடலில் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறி மருந்தைத் தயாரிக்கின்றன.

இம்மருந்தின் தேவை மிகப் பெரிது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இறந்தோரில் மிகப் பெரும்பாலோர் கிராம மக்கள்.

அரசின் பங்கு

மருந்துக்காகப் பாம்பு விஷம் சேகரிக்க வனவிலங்குச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடமளிக்கிறது. எத்தனை பாம்புகளைப் பிடிக்கலாம் என்பதை அரசின் அனுமதி வரையறுக்கிறது. எனவே, அனுமதி தாமதமானால் உறுப்பினரின் வருவாயும் தாமதமாகும். விற்பனை குறைந்தால் பிடிக்கும் வேலையும் குறையும். ஒரே இனப் பாம்பின் விஷம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், பிற மாநிலங்களிலும் விஷம் சேகரிக்கப்பட வேண்டும் என அறிவியலாளர் வலியுறுத்துகின்றனர். அப்பணிக்கு இருளரின் பயிற்சியும் அனுபவமும் பெரிதும் துணைபுரியும்.

கனடாவில் அரசு வேறொரு வழியைக் கையாண்டது. 1975-ஆம் ஆண்டின் ஜேம்ஸ் விரிகுடா ஒப்பந்தத்தின்படி, வேட்டையையும் பொறி வைத்தலையும் தொழிலாகக் கொண்ட கிரீ இனத்தவருக்கு, அவர்கள் காட்டில் செலவிடும் நாட்களைக் கணக்கிட்டு உதவித் தொகை வழங்கப்படுகிறது. இது சந்தையின் ஏற்றத்தாழ்விலிருந்து குடும்பத்தைக் காக்கும் ஏற்பாடாகும். இருளர் சங்கம் திறமைக்குச் சந்தையைத் தேடித் தந்தது. ஆனால் வேலையில்லாத மாதங்களுக்கு இத்தகைய பாதுகாப்பு அதில் அமையவில்லை.

2023-இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரு காலத்தில் தோல் வணிகத்துக்குப் பயன்பட்ட அறிவு, நாட்டின் மதிப்புக்குரியதாயிற்று. தடைச் சட்டம் விலங்கைக் காக்கும். அதனை நம்பி வாழ்ந்த மனிதரைக் காக்க, அவரது திறமைக்கேற்ற மாற்றுத் தொழிலும், காலந்தவறாத அனுமதியும், நியாயமான விலையும் தேவை. இவற்றைத் தடையுடன் சேர்த்தே திட்டமிடுவது நிர்வாகத்தின் கடமையாகும்.