மடி இருக்கை ஆகாது

காற்றுப்பை என்பது காரின் முன்பகுதியில் மடித்து மறைத்து வைக்கப்பட்டு, வலுவான மோதல் நேரும் கணத்தில் மட்டும் வாயு நிரம்பி விரியும் துணிப்பையாகும். பேச்சு வழக்கில் ஏர்பேக் எனப்படும் இச்சாதனம், இருக்கைப் பட்டையை அணிந்து, முதுகைச் சாய்வில் பதித்து, முகப்புப் பலகையிலிருந்து போதிய தொலைவில் அமர்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலளவைக் கணக்கிட்டே வடிவமைக்கப்பட்டது. இக்கணக்கில் குழந்தைக்கு இடமில்லை. ஆயினும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையிலும், திருப்போரூர் முருகன் கோயிலுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் செல்லும் வழிகளிலும், வார இறுதி நாள்களில் ஓடும் கார்களில் முன்னிருக்கைப் பெரியவரின் மடியில் குழந்தை அமர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவது எவரையும் திடுக்கிடச் செய்யாத காட்சியாக நிலைத்துவிட்டது.

இவ்வூர்கள் அமைந்துள்ள செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் காற்றுப்பைக்கும் உள்ள தொடர்பு சற்றுப் பழையது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்சிஏபி என்ற பன்னாட்டு அமைப்பு 2014 ஜனவரியில் இந்தியாவின் ஐந்து சிறு கார்களின் முடிவுகளை வெளியிட்டபோது, இன்று இம்மாவட்டத்திலுள்ள மறைமலை நகர் ஆலையில் உருவான ஃபோர்டு ஃபிகோ உள்ளிட்ட ஐந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. சோதிக்கப்பட்ட அந்த அடிப்படை வகைகளில் காற்றுப்பையே இல்லாதது அன்றைய பெருங்குறையாகப் பேசப்பட்டது. பின்னர் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்கத்துக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2021 ஏப்ரல் முதல் புதிதாக அறிமுகமாகும் கார்களுக்கும், 2022 தொடக்கத்திலிருந்து ஏற்கெனவே சந்தையில் இருந்த மாதிரிகளுக்கும் முன்பயணிக்கான காற்றுப்பையும் கட்டாயமாக்கப்பட்டது. இது தேவையான சீர்திருத்தம். பெரியவர்களின் உயிரைக் காத்துவரும் சீர்திருத்தம். ஆனால் குழந்தையை எங்கே அமர்த்துவது என்ற பழக்கம் மாறாமலிருக்க, அக்குழந்தைக்கு எதிரே விசையுடன் வெடித்து விரியும் பை ஒன்று வந்து சேர்ந்தது.

அந்த விசையின் தன்மையை விளங்கிக்கொள்வது அவசியம். மோதலில் காரின் வேகம் திடீரெனக் குறைவதை உணரிகள் அறிந்ததும், கட்டுப்பாட்டுக் கருவி ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிவெடுத்து, பையின் பின்னுள்ள வாயு உருவாக்கியைப் பற்றவைக்கிறது. அதிலுள்ள வேதிப்பொருள் எரிந்து வாயுவாக மாற, மணிக்கு 300 கிலோமீட்டரை எட்டக்கூடிய வேகத்தில் பை வெளிப்பாய்ந்து, கண் இமைப்பதற்குள் நிரம்பிவிடுகிறது. பயணி பக்கத்துப் பை ஓட்டுநர் பக்கத்துப் பையைவிடப் பெரியது. முழுமையாக நிரம்பியபின் அதன் மீது சாய்பவருக்கு அது மெத்தை; நிரம்பிக்கொண்டிருக்கும்போது அதன் பாதையில் இருப்பவருக்கு அது சம்மட்டி. மடியில் இருக்கும் குழந்தையோ பெரியவரின் உடலுக்கு முன்னால், அதாவது மெத்தை உருவாக வேண்டிய இடைவெளிக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு இருக்கும். கழுத்தெலும்புகள் முழுதும் எலும்பாக இறுகாமல் ஓரளவு குருத்தெலும்பாகவே பல ஆண்டுகள் தொடரும். அந்த மெல்லிய கழுத்தில் அமர்ந்த கனத்த தலையைத்தான் பை தாக்குகிறது.

காற்றுப்பை இல்லாவிட்டால் மடி பாதுகாப்பானதாகிவிடும் என்று கருதுவதும் பிழை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி, நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்பதாகக் கொண்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைத் தடுத்துப் பிடிக்க ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்குவதற்கு இணையான விசை வேண்டும். எவ்வளவு அன்பும் வலிமையும் உள்ள கைகளுக்கும் அது இயலாத செயல். இன்னும் சிலர் தம்மையும் குழந்தையையும் ஒரே பட்டையால் சுற்றிக்கொள்கின்றனர். மோதலின்போது பெரியவரின் உடல் எடை முழுதும் குழந்தையைப் பட்டையின் மீது நசுக்கும் என்பதால், இது பட்டை அணியாமல் இருப்பதற்குச் சற்றும் குறையாத ஆபத்தாகும்.

இவை ஏட்டளவிலான அச்சங்களாக இருந்திருந்தால் நன்றாயிருக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2024 செப்டம்பரில் காரும் டேங்கர் லாரியும் மோதிக்கொண்டபோது, முன்னிருக்கையில் தாயின் மடியிலிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை காற்றுப்பை முகத்தில் அழுந்தி உயிரிழந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நவி மும்பையின் வாஷியில் முன்னிருக்கையிலிருந்த ஆறு வயதுச் சிறுவன் பை விரிந்த அதிர்ச்சியில் இறந்தான். 2025ஆம் ஆண்டில் இதே துயரம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் வந்தது: திருப்போரூரை அடுத்த ஆலத்தூர் அருகே, முன்னால் சென்ற கார் திரும்பியபோது பின்னால் வந்த வாடகைக் கார் அதன்மீது மோத, முன்னிருக்கையில் தந்தையின் மடியிலிருந்த ஏழு வயதுச் சிறுவன் விரிந்த காற்றுப்பையால் தாக்குண்டு உயிரிழந்தான். இந்நிகழ்வுகளில் காற்றுப்பை பழுதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அது தனக்கு விதிக்கப்பட்ட வேலையைச் செய்தது. பெற்றோரைக் குற்றவாளிகளாக்குவதும் முறையன்று, ஏனெனில் மடியைவிடப் பாதுகாப்பான இடம் உலகில் இல்லை என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் பிள்ளையை அங்கே வைத்தனர். அந்த நம்பிக்கை வீட்டுத் திண்ணைக்கு உரியது, ஓடும் காருக்கு உரியதன்று என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

அமெரிக்கா இப்பாடத்தை 1990களில் பெரும் விலை கொடுத்துக் கற்றது. குறைந்த வேக மோதல்களில் முன்புறக் காற்றுப்பை விரிந்ததாலேயே 1990 முதல் 2008 வரை 290க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அந்நாட்டுச் சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. அவர்களுள் பயணிகளாக இருந்தோரில் மிகப் பெரும்பான்மையினர் குழந்தைகள். பின்னிருக்கைக்கு மாற்றுங்கள் என்பதே அங்கு எழுந்த முதல் அறிவுரை. ஆனால் பின்னிருக்கையே இல்லாத இரண்டு இருக்கைக் கார்களுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் அந்த அறிவுரை பயன்படாது என்பதால், அத்தகைய வாகனங்களில் பயணி பக்கத்துப் பையைச் சாவியால் அணைத்து வைக்கும் விசையை (சுவிட்சை) பொருத்த 1995இல் உற்பத்தியாளர்களுக்கு அனுமதி தரப்பட்டது. பின்னர் பை விரியும் வலு குறைக்கப்பட்டது. இருக்கையில் இருப்பவரின் எடையை உணர்ந்து பையைத் தானே அடக்கும் ஏற்பாடுகள் 2000ஆம் ஆண்டு விதியின்படி படிப்படியாக வந்தன. பின்னோக்கிய குழந்தை இருக்கையை, அதாவது குழந்தையின் முதுகு முகப்புப் பலகையைப் பார்க்குமாறு பொருத்தப்படும் இருக்கையை, இயங்கும் காற்றுப்பைக்கு எதிரே வைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் தடை செய்தது. கைக்குழந்தைக்கு மிகச் சிறந்த பாதுகாப்பு பின்னோக்கிய இருக்கையே; ஆயினும் முன்னிருக்கையில் பை அணைக்கப்படாதபோது அந்த இருக்கையின் முதுகுப்புறம் பைக்கு மிக அருகில் வந்துவிடுவதால், அதுவே மிகக் கொடிய இடமாகவும் மாறிவிடுகிறது.

இரண்டு இருக்கைக் கார் என்றதும் தமிழ்நாட்டு வாசகர் மனத்தில் விலையுயர்ந்த விளையாட்டுக் கார் தோன்றலாம். செங்கல்பட்டு வட்டாரத்தில் உண்மையில் குடும்பங்களைச் சுமக்கும் இரண்டு இருக்கை வண்டி குட்டியானை என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வாகனமாகும். காய்கறிச் சந்தையிலிருந்தும் மீன் இறங்கும் கரைகளிலிருந்தும் திரும்பும் அவ்வண்டியில் கணவர் ஓட்ட, மனைவி அருகில் அமர, பிள்ளை நடுவிலோ மடியிலோ இருக்கும். பயணிகள் கார்களுக்கான காற்றுப்பை விதி சரக்கு வாகனங்களுக்குப் பொருந்தாது என்பதால் பெரும்பாலானவற்றில் அந்தப் பை இல்லை. ஆனால் முகப்புக் கண்ணாடி முழங்கைத் தொலைவில் இருக்கிறது. ஐந்து இருக்கைக் கார்களும் சில வேளைகளில் இவ்வண்டியின் நிலைக்கே இறங்கிவிடுகின்றன: காதுகுத்துக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ செல்லும்போது பின்னிருக்கையில் நால்வர் நெருங்கி அமர, மிஞ்சும் குழந்தை முன்னிருக்கை மடிக்கு வந்து சேர்கிறது.

இரண்டு இருக்கை வாகனத்தின் கணக்கு கடுமையானது: ஓட்டுநர் ஒருவர், பயணி ஒருவர். குழந்தை பயணியானால் தாய்க்கு இடமில்லை. தாய் பயணியானால் குழந்தைக்கு இடமில்லை. மூவரும் செல்ல வேண்டுமெனில் பேருந்தே பொருத்தமானது. குழந்தையை மட்டும் அழைத்துச் செல்வது தவிர்க்க முடியாததாயின், வயதுக்கும் எடைக்கும் உரிய குழந்தை இருக்கை பட்டையாலோ, இருக்கைச் சட்டத்திலுள்ள கொக்கிகளாலோ உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும்; வாகனத்தின் இருக்கை இயன்றவரை பின்னுக்குத் தள்ளப்பட வேண்டும்; பின்னோக்கிய இருக்கையாயின் காற்றுப்பை அணைக்கப்பட்டே ஆக வேண்டும். அணைக்கும் விசை உள்ள கார்களில் அது பெரும்பாலும் முகப்புப் பலகையின் பக்கவாட்டில், பயணிக் கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில் அமைந்திருக்கும். அணைத்ததும் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும், பெரியவர் அமரும் முன் மீண்டும் இயக்கிவிடுவதும் மறக்கக் கூடாதவை. விசை இல்லாத காரில் கைக்குழந்தையை முன்னிருக்கையில் ஏற்றவே கூடாது. பட்டறையில் கொடுத்து ஃபியூஸைப் பிடுங்கச் சொல்வோரும் உண்டு. அது ஓட்டுநரின் பையையும், மோதலில் பட்டையை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பையும் சேர்த்தே செயலிழக்கச் செய்யக்கூடும். மழலைப் பருவம் கடந்த பிள்ளைக்கும் பெரியவர்க்கான பட்டை கழுத்தில் அறுக்கும் என்பதால், உயர்த்தி அமர்த்தும் இருக்கை தேவை. பல நாடுகள் 135 அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரை இதைக் கட்டாயமாக்கியுள்ளன.

இந்தியச் சட்டமும் மௌனமாக இல்லை. 2019 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை இருக்கைப் பட்டையாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் வாகனம் ஓட்டுவோருக்கு 1,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. தலைக்கவசத்துக்காக நிறுத்தப்படும் இருசக்கர வாகனங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட, இப்பிரிவின்கீழ் நிறுத்தப்படும் காரைக் காண்பது அரிது. சுங்கச்சாவடியில் நின்று செல்லும் காரின் முன்னிருக்கை மடியை ஒரு காவலர் பார்த்துப் பேசினால்கூடப் போதும். தண்டத்தைவிட அந்தச் சொல் நீண்ட நாள் நினைவில் நிற்கும்.

குழந்தை இருக்கையின் விலை சில ஆயிரம் ரூபாய் என்பதால் எல்லாக் குடும்பங்களும் உடனே வாங்கிவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் காரில் பின்னிருக்கை இருக்கும்போது பிள்ளையை அங்கே மாற்றுவதற்குச் செலவு ஏதுமில்லை. காற்றுப்பை உள்ள கார்களில் முன்பயணியின் வெயில் மறைப்புத் தகட்டில், குழந்தை இருக்கையின் மீது சிவப்புக் கோடு இழுத்த சிறு எச்சரிக்கைப் படம் ஒட்டப்பட்டிருக்கும். அடுத்த முறை கடற்கரைக்கோ கோயிலுக்கோ புறப்படும் முன், சொந்தக் காரானாலும் வாடகைக் காரானாலும், பெற்றோர் அத்தகட்டைக் கீழே இறக்கி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைப் பின்னிருக்கையில் அமர்த்த வேண்டும்.