விரிதாளும் மின்னஞ்சலும் பேசிக்கொள்வது எப்படி?

மாணவர்களே, கிள்ளானில் ஒரு குடும்பம் தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை செய்து விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவு எல்லாம் கூகள் படிவம் வழியாக வருகிறது. வாடிக்கையாளர் தம் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி, எத்தனை போத்தல் வேண்டும் என்பதை நிரப்பி அனுப்பியதும், அது விரிதாளில் ஒரு புதிய வரிசையாகப் போய்ச் சேர்கிறது. மூன்று தீபாவளி கழிந்தபின் அந்த விரிதாளில் 600 பேர் இருக்கிறார்கள். அடுத்த முறை முன்பதிவு தொடங்கும்போது, ‘எனக்குச் செய்தி அனுப்பலாம்’ என்று படிவத்தில் குறியிட்டவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

விரிதாளிலிருந்தே அனுப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம். கூகள் தரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்னும் நிரல் வசதியில் அதற்கு வழி உண்டு. ஆனால், இலவசக் கணக்கில் நாளொன்றுக்கு 100 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. அதோடு, செய்தி வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ள ஒரு பொத்தானும் வேண்டுமே! இதற்காகவே மெயில்சிம்ப் போன்ற மின்னஞ்சல் விளம்பர மென்பொருள்கள் இருக்கின்றன. அவை ஆயிரக்கணக்கானோருக்குக் கடிதம் அனுப்பும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ‘விலகு’ என்ற இணைப்பை வைக்கும். யார் விலகினார்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளும்.

இப்போது நம்மிடம் இரண்டு பட்டியல்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று விரிதாளில், மற்றொன்று மென்பொருளில். நாம் பார்க்கப்போகும் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

புதிய பெயர்களை வாரம் ஒருமுறை ஒருவர் அமர்ந்து நகலெடுத்து ஒட்டலாம். ஆனால் பலகாரம் சுடும் பரபரப்பில் யாருக்கு நேரம்? அதனால் அந்த வேலையை ஒரு சிறு நிரலிடம் கொடுக்கிறோம். அதற்கு முதலில் தேவை ஒரு தூண்டுதல்: எப்போது ஓட வேண்டும் என்பது. யாரேனும் படிவத்தை அனுப்பியவுடன் ஓடலாம், அல்லது தினமும் இரவு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஓடலாம். மாணவர்கள் பலருக்கும் உடனடியாக ஓடுவதுதான் பிடிக்கும். எனக்கு இரவு முறையே மேல் என்று தோன்றுகிறது. முறுக்கு விளம்பரம் அந்த நொடியே போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லை. மாலையில் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்க்க வாய்ப்பும் கிடைக்கிறது.

அடுத்து, விரிதாளின் எந்த நெடுவரிசை மென்பொருளின் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று நிரலுக்குச் சொல்ல வேண்டும். பிறகு தரவை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் இடத்தின் பெயர்தான் ஏபிஐ. அஞ்சலக முகப்பை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. குறித்த படிவத்தை, குறித்த முறையில் நிரப்பி நீட்டினால் போதும். ஒரு சீட்டு திரும்பி வரும். ஏபிஐ தரும் சீட்டு ஓர் எண். 200 என்றால் பெற்றுக்கொண்டேன். 400 என்றால் நீ நிரப்பியதில் பிழை. 429 என்றால் மிக வேகமாக அனுப்புகிறாய், சற்றுப் பொறு. இந்தச் சீட்டைப் படித்துப் பார்க்காத நிரல், பாதிப் பெயர்களைத் தொலைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும். (முகப்பில் காட்டும் இரகசியச் சாவி ஒன்றும் உண்டு. அதை விரிதாளின் ஒரு மூலையில் எழுதி வைத்துவிட்டு, அந்த விரிதாளைப் புலனக் குழுவில் பகிர்ந்துவிடாதீர்கள்!)

இனிதான் சுவாரசியமான பகுதி. கவிதா என்ற வாடிக்கையாளர் முதல் ஆண்டு தம் முகவரியைச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்தார். மறு ஆண்டு அவருடைய கைப்பேசி முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிட்டது. இரண்டு முகவரிகளும் நடைமுறையில் ஒரே அஞ்சல் பெட்டிக்குத்தான் போகின்றன. கணினிக்கோ அவை வேறு வேறு எழுத்துகள். கவிதா ஒருவரா, இருவரா?

மெயில்சிம்ப் இதற்குக் கையாளும் வழி அழகானது. அதன் ஏபிஐயில் ஒரு முகவரியைக் குறிப்பிட, முதலில் எல்லா எழுத்துகளையும் சிறிய எழுத்தாக்கி, பிறகு எம்டி5 என்ற கணிப்புக்கு உட்படுத்தலாம். அது எந்த உரையைக் கொடுத்தாலும் 32 குறியீடுகள் கொண்ட ஒரே நீளத் தொடராக மாற்றும். ஒரே உரைக்கு எப்போதும் ஒரே தொடர்தான் வரும்; ஓர் எழுத்து மாறினாலோ தொடர் முழுவதும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஆகவே, சிறிய எழுத்தாக்கும் படியை விட்டுவிட்டால் நிரல் கவிதாவைக் கண்டுபிடிக்காது. முகவரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். ஒப்படைக்கும் முன் இடைவெளிகளை நீக்குவது நிரலின் முதல் வேலையாக இருக்கட்டும். இன்னொன்று: அம்மாவும் மகளும் ஒரே முகவரியைக் கொடுத்தால், மென்பொருளுக்கு அவர்கள் ஒரே ஆள். பின்னால் வரும் பெயர் முன்னால் இருந்த பெயரை அழித்துவிடும்.

விரிதாளும் தன் பங்குக்கு விளையாடும். 012 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணை அப்படியே தட்டச்சு செய்து பாருங்கள். அதை எண்ணாகக் கருதி முன்னால் உள்ள சுழியத்தை விழுங்கிவிடும். உயிரியல் ஆய்வாளர்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். செப்ட்2 என்ற மரபணுப் பெயரை எக்செல் செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றிவிடும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலோடு வெளியான கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருந்ததைக் காட்டியது. கடைசியில் மாறியது மரபணுவின் பெயர்தான்! இப்போது அது செப்டின்2.

இதைவிடக் கடுமையானது 2020-இல் இங்கிலாந்தில் நடந்தது. ஆய்வகங்கள் அனுப்பிய கோவிட் சோதனை முடிவுகள், தானியங்கி முறையில் பழைய வகை எக்செல் கோப்பில் கொட்டப்பட்டன. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிசைகள்தான் உண்டு. அது 2-இன் 16-ஆவது அடுக்கு. அதற்கு மேல் வந்தவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் கணக்கில் வரவில்லை. நோயாளிகளுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமானது. இன்றைய எக்செல் கோப்பு 10,48,576 வரிசைகளைத் தாங்கும். அனுப்பிய வரிசைகள் எத்தனை, சேர்ந்தவை எத்தனை என்று இரு பக்கமும் எண்ணி ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முறுக்குப் பட்டியலுக்கும் அந்த எண்ணிக்கைதான் மிக மலிவான பாதுகாப்பு.

இதுவரை தரவு ஒரே திசையில்தான் போனது. கவிதா ஒரு நாள் ‘விலகு’ என்பதை அழுத்துகிறார். மென்பொருளில் அவர் விலகியவர். விரிதாளிலோ இன்னும் வாடிக்கையாளர். அன்று இரவு நிரல் ஓடி, விரிதாளில் உள்ள எல்லாரையும் ‘சந்தாதாரர்’ என்று மறுபடியும் ஒப்படைத்தால் என்ன ஆகும்? சில அமைப்புகளில் அவர் சத்தமின்றி மீண்டும் பட்டியலில் சேர்ந்துவிடுவார். வேண்டாம் என்று சொன்னவரிடமே மறுவாரம் கடிதம் போகும்.

இது வெறும் எரிச்சல் அல்ல. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, நேரடி விளம்பரத்துக்குத் தன் தரவைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி எழுத்துவழி கேட்கும் உரிமையை ஒருவருக்குக் கொடுக்கிறது. ஜிமெயிலும் 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர் ஒரே அழுத்தில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்கிறது. குப்பை அஞ்சல் என்று பெறுநர்கள் புகார் செய்யும் அளவு 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்றும் சொல்கிறது. ஆயிரம் கடிதங்களில் மூன்று பேர் சினந்தாலே அந்த எல்லை வந்துவிடும்.

மெயில்சிம்ப்பின் ஏபிஐ இதை எதிர்பார்த்தே ஒரு கட்டம் வைத்திருக்கிறது: ‘புதியவராக இருந்தால் மட்டும் இந்த நிலை’. அதைப் பயன்படுத்தினால் புதிதாய் வருபவர் சந்தாதாரர் ஆவார். ஏற்கெனவே இருப்பவரின் நிலை அப்படியே இருக்கும். அத்துடன், மென்பொருளிலிருந்து விரிதாளுக்குத் திரும்பி வரும் பாதை ஒன்றும் தேவை. விரிதாளில் ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அதில் எழுதும் உரிமையை மென்பொருளின் தகவலுக்கு மட்டும் விடுங்கள். கைப்பேசி எண், முகவரி போன்றவற்றை விரிதாள் சொல்லட்டும். விலகினாரா இல்லையா என்பதை மென்பொருள் சொல்லட்டும். ஒரே நெடுவரிசையில் இரு பக்கமும் எழுதத் தொடங்கினால், எது பிந்தி வந்ததோ அதுவே வெல்லும்.

செய்து பார்க்க விரும்புவோர் உங்களுக்கும் வீட்டாருக்கும் சொந்தமான ஐந்து முகவரிகளோடு, அவர்கள் அனுமதி பெற்று, ஒரு விரிதாள் தொடங்குங்கள். ஒன்றில் பெரிய எழுத்தையும் இன்னொன்றின் முடிவில் ஓர் இடைவெளியையும் வேண்டுமென்றே சேருங்கள். நிரலை ஓட்டி, ஐந்தும் சேர்ந்தனவா என்று எண்ணுங்கள். பிறகு ஒரு முகவரியிலிருந்து விலகுங்கள். நிரலை மீண்டும் ஓட்டி அடுத்த கடிதத்தை அனுப்பிவிட்டு, விலகிய அந்த அஞ்சல் பெட்டியைத் திறந்து பாருங்கள்.