எங்கிருந்து வந்தது இந்த நிறம்?



சொறிக்கல்முனைப் பக்கத்திலோ, சம்மாந்துறையிலோ, கல்முனையிலோ வளவில் நாட்டுக்கோழி வளர்க்கும் உங்களுக்கு இந்த அனுபவம் இருக்கலாம். பெட்டையும் சிவப்பு, சேவலும் சிவப்பு. பொரித்த குஞ்சுகளில் ஒன்று மட்டும் வளர வளர வெள்ளையாகிறது. "இது அடுத்த வளவுச் சேவலின் வேலை" என்று சொல்லிச் சிரிப்போம்.

கோழி விடயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், வேறோர் ஆண் நெருங்கவே முடியாத இடத்திலும் இப்படி நடப்பதுண்டு.

அமெரிக்காவில் 'கோர்ன் ஸ்நேக்' என்றொரு விஷமில்லாத பாம்பு இருக்கிறது. செம்மஞ்சள் உடலில், கறுப்புக் கரையிட்ட சிவப்புத் திட்டுகள். அதைப் பெட்டியில் வைத்து ஆசையாக வளர்ப்பவர்கள் உண்டு. (நமக்குக் கேட்டாலே உடல் கூசுகிறது!) கறுப்பு நிறமே இல்லாத ஒன்றையும் சிவப்பு நிறமே இல்லாத மற்றொன்றையும் இணைத்தால், பிறக்கும் குட்டிகள் பெற்றோர் இருவரையும் போலிருப்பதில்லை. எல்லாம் சாதாரண நிறத்திலேயே பிறக்கின்றன. அக்குட்டிகள் வளர்ந்து தமக்குள் இணைந்தால், சராசரியாக 16 குட்டிகளில் 9 சாதாரண நிறம், 3 கறுப்பற்றவை, 3 சிவப்பற்றவை. மீதி ஒன்று, இரு நிறமும் இல்லாத வெள்ளை!

இதன் இரகசியம் என்ன? பல பண்புகளுக்குத் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பரம்பரை அலகுகள் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. சில அலகுகள் ஆட்சியானவை, சில பின்னிடைவானவை. பின்னிடைவான அலகு தனியாக இருந்தால் வெளியே தெரியாது. ஆனால் அழிந்தும் போகாது. பல தலைமுறை ஒளிந்திருந்து, இரு பக்கத்தாலும் வந்து சேரும்போது வெளிப்படும். பட்டாணிச் செடிகளை வளர்த்து இந்த ஒழுங்கைக் கண்டறிந்த கிரகர் மெண்டல், 1866இல் அதை வெளியிட்டார்.

இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். 1951இல் ரீவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்து, 'மோகன்' எனப் பெயரிட்டு கோவிந்த்கர் அரண்மனையில் வளர்த்தார். சாதாரண நிறமுள்ள 'பேகம்' என்ற பெண்புலியுடன் சேர்த்தபோது ஒரு வெள்ளைக் குட்டியும் பிறக்கவில்லை. பிறகு அதன் மகளான 'ராதா'வுடன் சேர்த்தார்கள். 1958இல் நான்கு குட்டிகள் பிறந்தன. நான்கும் வெள்ளை! ராதாவின் செம்மஞ்சள் தோலுக்குள் தகப்பனின் வெள்ளை மறைந்தே இருந்திருக்கிறது.

மனிதத் தோலின் நிறத்தையோ ஒன்றிரண்டல்ல, பல அலகுகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று மாநிறமாகவும் ஒன்று கறுப்பாகவும் இருப்பதில் வியப்பென்ன?

ஆயினும் பிள்ளை பார்க்கப் போகும் நாம் என்ன பேசுகிறோம்? "உம்மாவும் வெள்ளை, வாப்பாவும் வெள்ளை, இது யாரைப் போல?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அந்த ஒரு சொல் மாமியின் மனதில் விழுந்து, கணவனின் காதுக்கும் போய்விட்டால், பச்சை உடம்புக்காரியான அந்தத் தாயின் நிலை என்ன?

இப்படியொரு சந்தேகத்துடன் நபி (ஸல்) அவர்களிடமே ஒரு கிராமவாசி வந்தார். தம் மனைவி கறுப்பு நிறப் பிள்ளையைப் பெற்றிருப்பதாகக் கூறினார். அவரிடம் ஒட்டகங்கள் உண்டா, அவற்றின் நிறம் என்ன என்று நபியவர்கள் கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறமானது உண்டா எனக் கேட்க, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது எனக் கேட்டபோது, பரம்பரை வேர் ஏதும் இழுத்திருக்கலாம் என்றார். அவருடைய மகனையும் அவ்வாறே ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்று நபியவர்கள் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

அவர் தம் ஒட்டகத்தைச் சந்தேகிக்கவில்லை, மனைவியைத்தான் சந்தேகித்தார். நாமும் அப்படித்தானே?

சகோதரிகளே! அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது, நிறத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள். யாராவது கேட்டால், "மூத்தம்மாவின் மூத்தம்மாவை நாம் கண்டோமா?" என்று சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற அந்த ஒரு சொல் போதும்.