பெயரில்லா வண்டும் அதன் சீட்டும்

முதல் மழை பெய்த மாலையில் வேப்பமரங்களை மொய்க்கும் பழுப்பு வண்டுகளைக் களப்பணியாளர் பலரும் கண்டிருப்பர். நிலக்கடலை, கரும்பு ஆகியவற்றின் வேர்களைத் தின்னும் வெள்ளைப் புழுக்கள் இவற்றின் இளம் பருவமே. இவை அடங்கிய ஸ்காரப் குடும்பத்தில் ஏறத்தாழ 30,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. புதியனவும் ஆண்டுதோறும் சேர்கின்றன.

நிறத்தையும் பருமனையும் மட்டும் கொண்டு ஒரு வண்டைப் புதிய இனமெனத் துணிதல் கூடாது. உணர்கொம்பின் தகடுகள், முன்காலின் பற்கள், எல்லாவற்றினும் மேலாக ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் ஆகியவற்றை முன்னர்ப் பெயரிடப்பட்ட இனங்களோடு ஒப்பிடல் வேண்டும். வேறெனத் தெளிந்தபின், ஒரே ஒரு வண்டை மூலமாதிரியாகக் குறித்து, அதன் விவரணத்தை அச்சில் வெளியிடுவர். 1916இல் நிறுவப்பெற்று, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை இத்தகைய மாதிரிகளைக் காத்து வருகிறது.

இத்துணை நுட்பம் எதற்கு? தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டுக்கு 1758இலேயே லின்னேயஸ் பெயரிட்டார். அவ்வண்டு 2007இல் குவாம் தீவில் காணப்பட்டபோது, பிற தீவுகளில் அதனை அடக்கிய வைரசு அங்குப் பயன்படவில்லை. தோற்றம் ஒன்றாயினும் அது வேறொரு மரபு வகை என்பது பின்னரே புலனாயிற்று. அதற்குள் தென்னைகள் பல அழிந்தன.

ஆதலின், வண்டைப் பிடித்தவுடன் இடம், நாள், இருந்த செடி, சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிக் குப்பியினுள்ளேயே இடுக. ஆசிரியர்கள் மாணவருக்கும் இப்பழக்கத்தைக் கற்பித்தல் நன்று. சீட்டில்லாத வண்டு, எத்துணை அரியதாயினும், ஊர் தெரியாத விருந்தினனே.