பழைய காரை ஓட வைக்கும் கைகள்

சென்ற வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், வாழ்வாதார உதவிக்கான விபரம் எடுப்பதற்காக வடமராட்சிப் பக்கம் போயிருந்தேன். நெல்லியடிச் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் இருந்தது அந்த வீடு. படலையைத் திறந்து கூப்பிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து பதில் இல்லை. பக்கத்திலிருந்த ஓலைக் கொட்டிலுக்குள் பழைய ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்று பொனற் திறந்தபடி நின்றது. அதற்குள் இருந்துதான் குரல் வந்தது.

"பொறு பிள்ளை, கையெல்லாம் ஒயில். உதிலை வாங்கிலை இரு. வந்திட்டன்."

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். கணவர் நெல்லியடியில் வாடகைக்குக் கார் ஓடியவர். 2007 ஆம் ஆண்டு ஒரு நாள் காலை கடைக்கென்று சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. கார் மட்டும் கொட்டிலில் நின்றது.

என்னிடமிருந்த படிவத்தில் தையல் இயந்திரம், கோழி வளர்ப்பு, ஆடு, வீட்டுத்தோட்டம், சிறுகடை என்று கட்டங்கள் இருந்தன. "உங்களுக்கு எது உதவும் அக்கா?" என்று கேட்டேன். அவர் எதையும் பார்க்காமலே சொன்னார்:

"அங்குல அளவு ஸ்பனர் செற் ஒண்டு கிடைக்குமே? இப்ப கடையளிலை இருக்கிறதெல்லாம் மில்லிமீற்றர். இந்தக் காருக்கு அது சரியாப் பிடிக்காது, நட்டின்ரை மூலைதான் தேயுது."

எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு வரி இருந்தது. அதில் எழுதினேன்.

இந்தக் கார்தான் அந்த வீட்டின் உழைப்பாளி. காலையில் அயலிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேரை ஏற்றி இறக்குகிறது. பின்னர் அக்கா இடித்த மிளகாய்த்தூளும் அரிசிமாவும் ஒடியல்மாவும் நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் போகின்றன. கிளினிக் நாட்களில் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வயோதிபர்கள் முதல் நாளே வந்து சொல்லி வைக்கிறார்கள். கார் ஒரு கிழமை படுத்தால் அந்தக் கிழமை வருமானமும் படுத்துவிடும். எழுபது வருடத்துக்கு மேற்பட்ட காரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சின்னப் பழுதுக்கும் கராஜுக்குப் போனால் உழைப்பதெல்லாம் அங்கேயே போய்விடும். ஆகவே தன் கையால் செய்யக்கூடியதைத் தானே செய்கிறார்.

இத்தனை பழைய கார்கள் எமது குடாநாட்டில் எப்படி மிஞ்சின என்பது ஒரு தனிக் கதை. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் எல்லாம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் மலாயாப் பென்சன்காரரும் வாங்கினார்கள். 1960 களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது; 1970 முதல் 1977 வரை புதுக் கார் வருவதே அருமை. இருந்ததைத் திருத்தி ஓடும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. 1977 க்குப் பிறகு யப்பான் வாகனங்கள் வந்தபோது மற்ற இடங்களில் பழையவை ஒதுங்கின. எமக்கு அதற்கும் நீண்ட காலம் வாய்க்கவில்லை. 1990 யூனில் மீண்டும் யுத்தம் மூண்டபோது பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை.

அந்த நாட்களில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை என் வயதினர் புகை மணமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். என் அப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலை ஊசிக் குழாயில் எடுத்து, அவர் சொல்லும்போது காபுரேற்றரின் வாயில் சில துளி விடுவது என் வேலை. அப்பா முன்னால் நின்று ஹான்டில் சுற்றுவார்.

அது ஏன் அப்படி என்று அக்காதான் எனக்கு விளங்கப்படுத்தினார். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போலக் குளிரில் ஆவியாகாது. எஞ்சின் சூடானால்தான் ஆவியாகி எரியும். ஆகவே பெற்றோலில் ஸ்ராட் பண்ணிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தக் காலத்துக் கார்களின் எஞ்சின் வாயுவை அவ்வளவு இறுக்கமாக அமுக்காததால் மட்டமான எண்ணெயையும் சகித்துக்கொண்டது. இது எமது கண்டுபிடிப்பு மட்டுமல்ல. இங்கிலாந்தின் பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகையை இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்தார்கள். கியூபாவிலும் 1962 இல் அமெரிக்கா தடை போட்ட பின்னர் அதற்கு முந்திய அமெரிக்கக் கார்களைக் கிடைத்ததை எல்லாம் பொருத்தி ஓட்டுகிறார்கள். இன்னொன்று தெரியுமா? 1990 களில் இதே இலங்கையின் தெற்கில் மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதே காலத்தில் இங்கே ஒரு பான் பெல்ற் கிடைக்காமல் அப்பா அலைந்து திரிந்தார்.

மண்ணெண்ணெய்க்கு விலையும் கொடுத்தோம். எரியாமல் மிஞ்சியது கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். பிளக்குகள் கரிபிடிக்கும். பல எஞ்சின்கள் அப்படித்தான் தேய்ந்து போயின. 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்து கியூ ஆர் அட்டையோடு வரிசையில் நின்றபோது, "பழையபடி மண்ணெண்ணெய் விடு" என்று அக்காவுக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். அவர் விடவில்லை. அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, சொன்னவர்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

"இதெல்லாம் ஆர் உங்களுக்குப் பழக்கினது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் பழக்கேல்லை. நான் லாம்பு பிடிச்சனான்."

கரண்ட் இல்லாத காலம். கணவர் பகலில் ஓடி வந்து இரவில் திருத்துவார். மனைவி பக்கத்தில் நின்று விளக்குப் பிடிப்பார். இப்படி ஐந்து வருடம் பிடித்தால் எந்த நட்டுக்குப் பின் எந்த நட்டு என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? (காபுரேற்றருக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்குப் பிடித்தோம் என்பதை இப்போது நினைக்க நெஞ்சு பதறுகிறது. பெற்றோல் ஆவிக்கும் பற்றறிக்கும் கிட்ட நெருப்பு ஆகவே ஆகாது. ரோச் லைற் மட்டும்.) எமது வீடுகளில் எத்தனை பெண்கள் இப்படி விளக்குப் பிடித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். என் அம்மாவும் பிடித்தவர்தான். அவரை ஒருவரும் கேட்டதில்லை.

கணவர் காணாமற் போன பின் இரண்டு வருடம் கார் நின்றது. கறள் ஏறியது. 2009 க்குப் பின் பழைய இரும்பு வாங்குவோர் வந்தார்கள், பிறகு கொழும்பிலிருந்து பழைய கார் சேர்க்கும் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். கணவரின் தமையனார் விற்கச் சொன்னார். ஆனால் கார் கணவரின் பெயரில் இருக்கிறது. விற்பதென்றால் அவர் இறந்துவிட்டார் என்று பத்திரம் எடுக்க வேண்டும் என்றார்கள். அக்கா மறுத்துவிட்டார். காணாமற் போனவர் என்று பதியும் சான்றிதழுக்கு 2016 இல்தான் சட்டம் வந்தது. அதற்குள் அவர் காரைக் கிளப்பி, ஓட்டவும் பழகி, லைசென்ஸும் எடுத்திருந்தார்.

அவர் முதலில் காட்டியது தண்ணீர். எமது நிலம் சுண்ணாம்புக் கல். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படை பிடிப்பதைத் தினமும் பார்க்கிறோம். அதே படைதான் கிணற்றுத் தண்ணீர் விடும் றேடியேற்றருக்குள்ளும் பிடித்து, ஒடுங்கிய குழாய்களை அடைத்து, எஞ்சினைக் கொதிக்க வைக்கிறது. அக்கா மாரியில் முதல் மழையை ஓட விட்டு, அடுத்த மழைத் தண்ணீரைப் பீலியிலிருந்து பீப்பாவில் பிடித்து வைத்திருக்கிறார். காருக்கு அதுதான். பற்றறிக்கு மட்டும் கடையில் வடித்த தண்ணீர் வாங்குகிறார். எஞ்சின் சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியில் கை வைக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

காலையில் ஸ்ராட் பண்ணுமுன் ஒயில் கோலை இழுத்துப் பார்க்கிறார். கார் நின்ற இடத்தில் நிலத்தைப் பார்க்கிறார்: கறுப்புச் சொட்டு ஒயில், வெறும் ஈரம் தண்ணீர், சில்லுக்கு உட்பக்கமாக ஈரம் என்றால் பிறேக் எண்ணெய். கடைசியானது என்றால் அன்று கார் வெளியே போகாது. பான் பெல்ற்றை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை இறங்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஸ்ரியறிங் மூட்டுகளுக்குக் கிறீஸ் அடிக்கிறார். கடற்காற்று படுகிற ஊர் என்பதால் கதவடியையும் மட்காட்டையும் கழுவித் துடைத்து, கறள் கண்ட இடத்தை அரத்தாளால் தேய்த்துப் பூச்சுப் பூசுகிறார்.

பிளக்கைக் கழற்றி அவர் பார்ப்பது நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான். நுனி பிஸ்கற் நிறமாக இருந்தால் எஞ்சின் சுகம். கரி பிடித்திருந்தால் எண்ணெய் கூடப் போகிறது அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. வெளிறியிருந்தால் எண்ணெய் போதவில்லை. ஒயில் ஈரமாக இருந்தால் உள்ளே தேய்மானம். நான் போன அன்று அவர் செய்துகொண்டிருந்தது பொயின்ற் துப்புரவு. மின்பொறியை நேரத்துக்கு விடும் இரண்டு சிறு தொடுமுனைகள் அவை. எரிந்து மேடு பள்ளமானால் கார் இருமும், இழுக்காது. மெல்லிய அரத்தாளால் உரசி, பழைய பல் பிறஸ்ஸால் தூசி தட்டி, இடைவெளியை அளவுத் தகட்டால் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்தாக வைத்தார். அரை மணித்தியாலம்கூடச் செல்லவில்லை. இதே வேலைக்கு முன்னொரு முறை ஒரு கராஜில் காரை மூன்று நாள் நிறுத்திவைத்து, கொயிலும் மாற்றியதாகக் காசு எடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய கொயில்தான் இருந்தது. "பொம்பிளைக்கு என்ன தெரியும் எண்டு நினைச்சவை" என்று சிரித்தார்.

எல்லாவற்றையும் அவர் செய்வதில்லை. பிறேக்கைத் தனக்குப் பழக்கமான வயதான மெக்கானிக் ஒருவரிடம்தான் விடுகிறார். "இது பிள்ளையளின்ரை உயிர், என்ரை கெட்டித்தனத்தைக் காட்டுற இடமில்லை." பழைய பிறேக் பூச்சுகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும், அந்தத் தூசியை வாயால் ஊதாமல் ஈரச் சீலையால் துடைக்க வேண்டும் என்று அந்த மெக்கானிக்குக்கும் அவர்தான் சொன்னாராம். தேய்ந்த புஷ்களைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து எடுக்கிறார். இங்கு செய்ய முடியாதவற்றை இங்கிலாந்திலுள்ள உறவினர் யாரேனும் வரும்போது கொண்டு வருகிறார்கள். அங்கே இந்தக் கார்களுக்கு இன்னமும் பாகம் விற்கும் கடைகள் உண்டு.

அன்று மாலை வீட்டுக்கு வந்து எங்கள் கொட்டிலைத் திறந்தேன். அப்பா இறந்து ஆறு வருடம், மைனர் அப்படியே நின்றது. ஒரு புதுப் பற்றறி வாங்கி, எல்லாக் காரையும் போலத்தானே என்று கறுப்பு வயரை உடம்போடு பூட்டினேன். சுர் என்று புகைந்து, பற்றறிக்குச் சார்ஜ் போவதைக் கட்டுப்படுத்தும் பெட்டியின் தொடுமுனை கருகிவிட்டது. அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். இந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் நேர்முனைதான் உடம்போடு சேரும், இப்போதைய கார்களுக்கு நேர் எதிர்! "புத்தகத்தைப் பாத்தியோ, இல்லாட்டி என்னைக் கேட்டியோ?" என்று பேசினார். இரண்டும் இல்லை.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஹான்டில் சுற்றக் காட்டித் தந்தார்: பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழே அமுக்காமல் மேல் நோக்கி இழுக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் எதிர்ப்பக்கம் இருக்கும் பெருவிரல் முறிந்துவிடும். ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே ஒருநாளும் போகாதே, மரக்குற்றி வை என்றார். அம்மா ரோச் லைற்றோடு வந்து பக்கத்தில் நின்றார். நான் காபுரேற்றரைக் கழற்ற வெளிக்கிட்டபோது, "அப்பா முதல்லை அந்தச் சின்னக் குழாயைத்தான் கழட்டுறவர்" என்றார். அது சரியாகத்தான் இருந்தது.

ஸ்பனர் கோரிக்கை எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை திரும்பி வந்தது. "இது பெண்களுக்கான உதவித் திட்டம்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். கார் ஓடும் நாட்களின் கணக்கையும் வருமானத்தையும் எழுதி இணைத்து மறுபடி அனுப்பினேன். மூன்றாம் மாதம் அனுமதி வந்தது. கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் அங்குல அளவு செற் கிடைத்தது, ஒரு ஸ்பனர் குறைவு.

மைனர் இப்போது ஸ்ராட் ஆகிறது. ஆனால் தண்ணீர்ப் பம்பு ஒழுகுகிறது. நேற்று அக்கா சொன்னார்: "பம்பைக் கழட்டிப் பட்டறையிலை குடு. வாற சனிக்கிழமை நான் வாறன். ஒரு கான் மழைத்தண்ணி எடுத்து வை."

தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன்.