ஊசி ஒண்ணு, உல்லன் ஒண்ணு: குட்டி ஆந்தை பின்னலாம் வாங்க!

 

நம்ம பக்கத்தில் வயர் கூடை பின்னத் தெரிந்த வீடு நிறைய இருக்கு. வலை ஊசி பிடிக்கத் தெரிந்த கையும் நிறைய இருக்கு. அந்தக் கைகளுக்குக் குரோஷா ஒன்றும் கஷ்டம் கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டி ஆந்தையை உல்லனில் பின்னி, பஞ்சு அடைத்து, ஜன்னலிலோ புத்தகப் பையிலோ தொங்க விடுவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். ஆண் பிள்ளைகளும் படிக்கலாம். வலை பின்னுவது ஆண்கள் வேலை என்றால், இதுவும் அப்படித்தான்!

குரோஷா என்றால் என்ன?

முனையில் கொக்கி உள்ள ஒரே ஒரு ஊசியால் பின்னுவதுதான் குரோஷா. ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசி வேண்டும். இதற்கு ஒன்று போதும். ஒரு கண்ணிக்குள் நூலை இழுத்து அடுத்த கண்ணி, அதற்குள் இழுத்து அதற்கு அடுத்த கண்ணி, இப்படியே போகும்.

மீன் வலைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. வலையில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சு. ஒரு இடம் அறுந்தாலும் மற்ற கண்ணி நிற்கும். குரோஷாவில் முடிச்சே இல்லை. நூல் நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்து வந்துவிடும். அதனால் தப்பாகப் பின்னினாலும் பயப்பட வேண்டாம். அவிழ்த்துவிட்டு அதே நூலில் மறுபடி பின்னலாம்.

இப்படிப் பஞ்சு அடைத்துப் பொம்மை பின்னுவதை ஜப்பானில் 'அமிகுருமி' என்பார்கள். 'அமி' என்றால் பின்னல், 'நுய்குருமி' என்றால் பஞ்சு அடைத்த பொம்மை. இரண்டும் சேர்ந்து வந்த பெயர்தான் அது.

தேவையான பொருள்கள்

1. குரோஷா ஊசி: 3 மில்லிமீட்டர். எண் ஊசியிலேயே போட்டிருக்கும். கடையில் சும்மா 'குரோஷா ஊசி' என்று கேட்டால் சோபா கவர் லேஸ் பின்னும் மெல்லிய எஃகு ஊசியைக் கொடுத்துவிடுவார்கள். அது உல்லனுக்குச் சரிவராது.
2. உல்லன்: உடம்புக்கு ஒரு நிறம், கண்ணுக்கு வெள்ளை, மூக்குக்கு மஞ்சள் கொஞ்சம். கடையில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் ஆட்டு ரோமம் கிடையாது, அக்ரிலிக் என்ற செயற்கை இழை. விலை குறைவு, துவைத்தாலும் சுருங்காது.
3. கண்ணுக்குக் கறுப்பு மணி அல்லது சட்டைப் பொத்தான் 2.
4. பெரிய காதுள்ள தையல் ஊசி, கத்தரிக்கோல், ஒரு ஊக்கு.
5. உள்ளே அடைக்கப் பஞ்சு. பழைய தலையணையின் செயற்கைப் பஞ்சு நல்லது. இல்லாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் (எண்ணெய் படாத புதுசு!) பொடியாக வெட்டிப் போடலாம். இலவம்பஞ்சு வேண்டாம். நனைந்தால் கட்டி கட்டி ஆகிவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய பின்னல் மூன்றுதான்

சங்கிலி: நூலில் ஒரு சுருக்குக் கண்ணி போட்டு ஊசியில் மாட்டவும். நூலை ஊசியின் மேல் சுற்றி, கொக்கியால் அந்தக் கண்ணிக்குள் இழுக்கவும். ஒரு சங்கிலி ஆச்சு.

ஒற்றைப் பின்னல்: கீழே உள்ள பின்னலின் தலையைப் பார்த்தால் 'V' மாதிரி இரண்டு கால் தெரியும். இரண்டுக்கும் அடியில் ஊசியை விட்டு நூலை இழுக்கவும். இப்போது ஊசியில் 2 கண்ணி இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி, அந்த இரண்டு கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பாக இழுக்கவும். அமெரிக்கப் புத்தகங்களில் இதைச் சிங்கிள் குரோஷே என்றும், பிரிட்டிஷ் புத்தகங்களில் டபுள் குரோஷே என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

கூட்டல்: ஒரே இடத்தில் இரண்டு ஒற்றைப் பின்னல் போடுவது. வட்டம் பெரிசாக இதுதான் வழி.

இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் ஊசியை இடது கையில் பிடித்து எதிர்த்திசையில் பின்னலாம். கணக்கு மாறாது.

உடம்பு

அடியிலிருந்து மேலே ஒரு சின்னப் பை மாதிரி பின்னிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முதல் பின்னலிலும் ஊக்கைக் குத்தி வையுங்கள். அப்போதுதான் சுற்று எங்கே முடிகிறது என்று தெரியும்.

சுற்று 1: 2 சங்கிலி போட்டு, முதல் சங்கிலிக்குள்ளேயே 6 ஒற்றைப் பின்னல். மொத்தம் 6.
சுற்று 2: ஒவ்வொன்றிலும் கூட்டல். மொத்தம் 12.
சுற்று 3: ஒன்று சாதா, அடுத்தது கூட்டல், இப்படி 6 தடவை. மொத்தம் 18.
சுற்று 4: இரண்டு சாதா, அடுத்தது கூட்டல், இப்படி 6 தடவை. மொத்தம் 24.
சுற்று 5 முதல் 14 வரை: கூட்டாமல் குறைக்காமல் சுற்றுக்கு 24.

5-ஆவது சுற்றிலிருந்து ஓரம் தானாக மேலே எழும்பி, கிண்ணம் மாதிரி ஆகும். ஏன் தெரியுமா? வட்டம் தட்டையாகவே இருக்க வேண்டும் என்றால் சுற்றுக்குச் சுற்று 6 கூடிக்கொண்டே போக வேண்டும். கூட்டுவதை நிறுத்தினால் விளிம்புக்கு விரிய இடம் இல்லை, அதனால் நிமிர்ந்துகொள்கிறது. கணக்கு மிஸ் நடத்தும் வட்டத்தின் சுற்றளவுப் பாடம்தான் இது!

கண், மூக்கு, இறக்கை

பஞ்சு அடைப்பதற்கு முன்னாடியே இவற்றைத் தைத்துவிடணும். வாயை மூடிவிட்டால் கை உள்ளே போகாது.

கண்: வெள்ளை நூலில் சுற்று 1, சுற்று 2 மட்டும். அதே மாதிரி 2 வட்டம். நடுவில் கறுப்பு மணி வைத்து, 9-ஆவது சுற்றுக்கும் 13-ஆவது சுற்றுக்கும் நடுவே பக்கத்தில் பக்கத்தில் தைக்கவும்.

மூக்கு: இரண்டு கண்ணுக்கும் இடையில் மஞ்சள் நூலால் கீழ்ப்பக்கம் கூராக நாலு தையல். அடியில் பக்கத்துக்கு மூன்று நீளத் தையல் போட்டால் கால் விரல்.

இறக்கை: சுற்று 1, 2, 3 பின்னி, வட்டத்தைத் தோசை மடிப்பது போல இரண்டாக மடித்து, பக்கத்துக்கு ஒன்றாகத் தைக்கவும்.

காதும் தொங்கலும்

இப்போது பஞ்சு அடையுங்கள். அடியில் நிறைய, மேலே கொஞ்சமாக. திணித்தால் பின்னல் விரிந்து பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். மேல் வாயைத் தட்டையாக அமுக்கினால் முன்னால் 12, பின்னால் 12 பின்னல் எதிரெதிரே வரும். இரண்டையும் சேர்த்து ஊசி விட்டு 12 ஒற்றைப் பின்னல் போட்டு மூடவும். இரண்டு மூலையும் தானாகவே கூர்மையாக நிற்கும். அதுதான் ஆந்தைக் காது! கடைசியாக 30 சங்கிலி பின்னி, மடித்து, மேலே நடுவில் தைத்தால் தொங்கவிட வளையம் ரெடி.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் மணி வைக்காதீர்கள், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கறுப்பு நூலிலேயே கண் தைத்துவிடுங்கள். நம்ம ஊர்க் காற்றில் நிலக்கரித் தூசி இருப்பதால் வெள்ளைக் கண் சீக்கிரம் சாம்பல் கலராகிவிடும். ஷாம்பு கலந்த தண்ணீரில் அமுக்கி அலசி, நிழலில் காயவைத்தால் போதும்.

உங்களுக்குத் தெரியுமா?

2016 ஜனவரி 31 அன்று நம்ம சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு, உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வைக்காகக் கின்னஸ் சாதனை செய்தது. அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் உள்ள ஃபுட்பால் கிரவுண்டு ஒன்றரையை மூடலாம்! அதில் இருந்ததும் நாம் மேலே படித்த அதே கொக்கி வேலைதான்.

'சும்மா வீட்டில் உட்கார்ந்து பின்னுவது'

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். துணி நெய்ய மிஷின் இருக்கு, ஸ்வெட்டர் பின்னவும் மிஷின் இருக்கு. ஆனால் நிஜமான குரோஷா கையால்தான் வரும். கடையில் அப்படி ஒரு பொம்மையைப் பார்த்தால், எங்கோ யாரோ ஒருவர் கண் வலிக்க உட்கார்ந்து பின்னியது என்று அர்த்தம்.

ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நரசாபூர் என்ற ஊர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு அது வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் தொழிலாக வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி 1982-இல் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான். நாள் முழுக்கப் பின்னினாலும் அவர்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்வது என்றே சொன்னார்கள். அதனால் கூலியும் ரொம்பக் குறைவு.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். என் ஆந்தை ஒன்றுக்கு உல்லன், பஞ்சு, மணி எல்லாம் சேர்த்து 15 ரூபாய் ஆகிறது. பழகின கைக்கே 2 மணி நேரம் வேண்டும். ஒரு கடைக்காரர் ஒன்றுக்கு 25 ரூபாய் தருவதாகச் சொன்னார். 15 போனால் மீதி 10. அதை 2 மணி நேரத்தால் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 5 ரூபாய். அந்த 5 ரூபாய்க்கு டீக்கடையில் ஒரு டீ கூட வராது! எங்க அம்மா கணக்கைப் பார்த்துவிட்டு, "விக்காத, வேணும்னா யாருக்காவது சும்மா குடு. சும்மா குடுத்தா மரியாதையாவது இருக்கும்" என்றார்கள். அம்மா சொன்னதைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டு இருக்கிறேன். ஆண்டு விழாக் கடையில் வைத்தால் என்ன விலை போடலாம்? உங்கள் பதிலை இந்தத் தாளின் கீழே எழுதி ஒட்டுங்கள்.

ஏன் ஆந்தை? கிளி, மயில் இல்லையா?

இதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எங்க ஆயா, "ஆந்தய ஊட்ல மாட்னா ஆவாதுடி, அது கத்துனா எழவு உழும்" என்று சொல்லும். ஆயா மட்டும் இல்லை, நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறோம்.

ஆனால் வங்காளத்தில் ஆந்தை லட்சுமியின் வாகனம். கிரேக்க நாட்டில் அது அறிவுத் தெய்வம் அதீனாவின் பறவை. ஒரே பறவை ஒரு ஊரில் செல்வம், ஒரு ஊரில் அறிவு, நம்ம ஊரில் எழவு! அப்படியென்றால் தப்பு பறவை மேல் இல்லையே?

ஆந்தையால் நம்மைப் போல விழியை உருட்ட முடியாது. அதற்குப் பதிலாகக் கழுத்தை ஒரு பக்கமாக 270 டிகிரி வரைக்கும் திருப்பும். நம் கழுத்தில் 7 எலும்பு, அதற்கு 14. இறக்கை ஓரம் சீப்பு மாதிரி இருப்பதால் பறக்கும்போது சத்தமே வராது. ராத்திரியில் வயல் எலியைப் பிடித்துத் தின்னும். மீஞ்சூர் பக்கம் நெல் போடுகிறவர்களுக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன் அது.

இந்தப் பயத்தால்தான் ஆந்தை சாகிறது. மாந்திரீகத்துக்காக ஆந்தையைப் பிடித்து விற்பதைப் பற்றி 'டிராஃபிக்' என்ற அமைப்பு 2010-இல் ஒரு அறிக்கையே வெளியிட்டது. தீபாவளி சமயத்தில் இது அதிகமாம். லட்சுமி வரவேண்டும் என்று லட்சுமியின் வாகனத்தையே பலி கொடுக்கிறார்கள்! 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

நம்ம பள்ளிக்கூடத்துப் பின்பக்க வேப்பமரப் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை இருப்பது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் மணி அடித்துக் கொஞ்ச நேரம் நின்றால் வெளியே வந்து உட்காரும். சில பேர் கல் எறிகிறார்கள். பொந்தைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடணும் என்றும் பேச்சு அடிபடுகிறது. அடைத்தால் அது எங்கே போகும்? பொந்து உள்ள பெரிய மரம் இந்தப் பக்கம் வேறு எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். தயவுசெய்து அந்தப் பொந்தை அடைக்க வேண்டாம். மாணவர்களுக்கு என் வேண்டுகோள், கல்லைக் கீழே போட்டுவிட்டு ஊசியைக் கையில் எடுங்கள்! ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஒரு உல்லன் ஆந்தை தொங்கட்டும். தினமும் பார்த்துப் பழகினால் பயம் தானாகப் போய்விடும்.

பின்னக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு வேப்பமரத்தடிக்கு வரலாம். என்னிடம் ஊசி இரண்டு இருக்கு. உல்லன் மட்டும் நீங்கள் கொண்டு வரணும்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி