முடிகிற விளையாட்டே நல்ல விளையாட்டு! ஒரே மூச்சில் ஆடி முடிக்கும் வீடியோ கேம்கள்

"இன்னும் ஒரே ஒரு லெவல்ம்மா... முடிச்சிட்டு வந்துடறேன்!"

இந்த வசனம் கேட்காத வீடு இன்று தமிழ்நாட்டில் உண்டா? தட்டில் போட்ட சோறு ஆறிப்போகும். குழம்பு மேல் ஏடு கட்டும். அந்த "ஒரே ஒரு லெவல்" மட்டும் முடியாது. கடைசியில் போனைப் பிடுங்குவதும், பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும், "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்" என்று நாம் அலுத்துக்கொள்வதும் தினசரி நாடகம்.

ஆனால், ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பிள்ளை ஆடும் அந்த விளையாட்டுக்கு முடிவு என்று ஒன்று இருக்கிறதா? முடிவே இல்லாத ஒன்றை "முடிச்சிட்டு வா" என்று சொன்னால், அது எப்படி வரும்?

முடிக்க விடாத சூட்சுமம்

நம்மில் பலரும் ஆடிய கேண்டி க்ரஷ்ஷையே எடுத்துக்கொள்வோம். 2012-ல் வந்த விளையாட்டு அது. இன்றைக்கு அதில் லெவல்களின் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டிவிட்டது. ஐந்து உயிர் கொடுப்பார்கள். தோற்றால் ஓர் உயிர் போகும். போன உயிர் திரும்பி வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். "காத்திருக்க முடியாதா? காசு கொடு" என்று பக்கத்திலேயே ஒரு பொத்தான். அரை மணி கழித்து "உயிர் வந்துவிட்டது, வா" என்று போனே கூப்பிடும்.

இதேபோல் தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் சேர்த்ததெல்லாம் போச்சு, இந்த வாரம் மட்டும் கிடைக்கும் புதுச் சட்டை, புதுத் துப்பாக்கி என்று இலவச விளையாட்டுகள் பலவும் ஒரே சூத்திரத்தில்தான் ஓடுகின்றன. விளையாட்டு இலவசம், நம் நேரமும் இடையிடையே நாம் கட்டும் காசும்தான் அவர்களுக்கு வருமானம். ஆட்டம் முடிந்துவிட்டால் வருமானமும் முடிந்துவிடும். அதனால் முடிக்க விடமாட்டார்கள்.

விளையாட்டை நிறுத்த முடியாமல் படிப்பு, தூக்கம், உறவு எல்லாம் கெடுகிற நிலையை, உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் ஒரு கோளாறாகவே சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தமிழக அரசு 2025 தொடக்கத்தில் கடும் விதிகளைக் கொண்டுவந்தது: 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஆடவும் முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசும் பண விளையாட்டுகளைத் தடுக்கத் தனிச் சட்டமே நிறைவேற்றியது. ஆனால், பணயம் இல்லாத, முடிவும் இல்லாத சாதாரண விளையாட்டுகளுக்கு இந்தச் சட்டங்களின் கடிவாளம் கிடையாது. அதற்குக் கடிவாளம் வீட்டில்தான் போட வேண்டும்.

காய் பழமானால் ஆட்டம் முடிந்தது

நம் பழைய விளையாட்டுகளுக்கெல்லாம் முடிவு உண்டு. தாயத்தில் காய்கள் எல்லாம் பழமாகிவிட்டால் ஆட்டம் முடிந்தது. பல்லாங்குழியில் ஒருத்திக்குக் குழி நிரப்பச் சோழி இல்லையென்றால் முடிந்தது. வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்தில் எத்தனை பாம்பு கடித்தாலும், யாராவது ஒருவர் மேலே போய்ச் சேர்ந்துவிடுவார். துணியை உதறி மடித்துவிட்டு எழுந்துவிடலாம்.

எங்கள் உத்திரமேரூர்க்காரர்களுக்கு "முடிவு" என்பதன் அருமை கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். இங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தையது. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்லும் அந்தக் கல்வெட்டு, பதவிக்காலம் 360 நாள் என்று கணக்காகச் சொல்கிறது. அதற்குப் பிறகு இறங்கிவிட வேண்டும். பதவிக்கே முடிவுத் தேதி குறித்த ஊரில், ஒரு போன் விளையாட்டுக்கு முடிவு வேண்டாமா?

வேண்டும் என்று நினைக்கும் விளையாட்டுக் கலைஞர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் உருவாக்குபவைதான் ஒரே அமர்வில் ஆடி முடிக்கக்கூடிய சின்ன வீடியோ கேம்கள். அரை மணி, ஒரு மணி, மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். ஒரு சினிமா பார்ப்பதுபோல. ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் இருக்கும். முடிந்ததும் பெயர்கள் ஓடும். போனையோ கணினியையோ மூடிவிட்டு, மனதுக்குள் அசைபோடலாம்.

இந்த வகையில் உலகம் கொண்டாடிய ஒன்று, நம் தமிழ்க் குடும்பத்தின் கதை!

அடுப்படியில் ஒரு வெண்பா

'வெண்பா' என்பதுதான் அந்த விளையாட்டின் பெயர். கனடாவின் டொரான்டோ நகரில் இருக்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறிய குழு உருவாக்கியது. 2023 ஜூலை 31-ல் கணினிக்கும், நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகிய கருவிகளுக்கும் வெளியானது. மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான்.

1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோகும் தம்பதி வெண்பா, பாவலன். அங்கே பிறக்கும் மகன் கவின். விளையாட்டு முழுக்க நாம் செய்யும் வேலை சமையல். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் பழசாகி, அங்கங்கே கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. மிச்சமிருக்கும் வரிகளையும் படங்களையும் வைத்து, விட்டுப்போனதை நாம்தான் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது? புட்டுக்கு மாவையும் தேங்காயையும் எந்த வரிசையில் போடுவது? பிரியாணியில் எது முதலில், எது பிறகு? இவையெல்லாம்தான் புதிர்கள். துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது, நேரக் கெடுவும் கிடையாது. தப்பாகச் செய்தால் திரும்பச் செய்யலாம். சமைக்கும்போது பக்கத்தில் ரேடியோ பாடும். அந்தந்தக் காலத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் புதிதாக இசையமைத்த பாட்டுகள்.

சமையலுக்கு நடுவே கதை நகர்கிறது. டிபன் பாக்ஸில் அம்மா கட்டிக்கொடுக்கும் சாப்பாடு பையனுக்குப் பள்ளியில் கூச்சமாக இருக்கிறது. அவனுக்குப் பீட்சா வேண்டும். அம்மா தமிழில் கேட்டால் அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். அவன் வளர வளர, ஒரே வீட்டுக்குள் இருவருக்கும் நடுவே தூரமும் வளர்கிறது. பிற்பாடு அம்மாவின் குறிப்பை வைத்துத் தானே சமைக்க நிற்கும்போது, அதைச் சரியாகப் படிக்கக்கூடத் தமிழ் போதாமல் தடுமாறுகிறான். அதன் பிறகு என்ன என்பதை நான் சொல்லப்போவதில்லை. நீங்களே ஆடித் தெரிந்துகொள்ளுங்கள். கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும்.

2024-ல் தனிக் கலைஞர்களின் விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் உச்ச விருதும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும் 'வெண்பா'வுக்குக் கிடைத்தன. இட்லிக்கு பாஃப்டா!

"மொதல்ல தண்ணி ஊத்தச் சொல்லு!"

சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, மடிக்கணினியில் இதை ஆடிக்கொண்டிருந்தாள். கல்லூரி மாணவி. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் பாட்டி, முதலில் கண்டுகொள்ளவே இல்லை. இட்லிப் பானை திரையில் வந்ததும் தலை நிமிர்ந்தது.

"என்னா கண்ணு அது, இட்லிப் பானையா? மொதல்ல தண்ணி ஊத்தச் சொல்லு. தண்ணி இல்லாம அடுப்புல வெச்சா அடி புடிச்சுக்கும்."

"கேம்தான் ஆயா இது."

"எதுவா இருந்தா என்னா? தட்ட அப்படியே மேல மேல வெக்காத. ஒண்ணு மேல ஒண்ணு நசுங்கிடும். மாத்தி மாத்தி வை."

ஆயா சொன்னபடி வைத்ததும் இட்லி வெந்துவிட்டது. அப்புறம் கீரை அப்படியே கிடந்தது. ஆயா முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பேத்தி வசனத்தைப் படித்துச் சொல்ல, ஆயா சமையலைச் சொல்லிக்கொடுக்க, ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. நடுவே காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லிக் கதையும் வந்தது. மூங்கில் குடலையில் இலை போட்டு, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை ஊற்றி மணிக்கணக்கில் வேக வைப்பதை ஆயா கையாலேயே அளந்து காட்டினார். பேத்தி பிறந்ததிலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரி. அவளுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஆயா கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பையன் அப்புறம் அம்மாகிட்ட ஒழுங்கா பேசுவானா?"

எங்கள் பக்கத்து ஊர்களில் இன்று வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது ஒரகடம், சென்னை, வெளிநாடு என்று போயிருக்கிறது. வீடியோ காலில் "சாப்டியா?" என்பதற்கு மேல் பேச்சு நகராத வீடுகள் எத்தனையோ. அந்தக் கேள்வி திரையில் இருந்த கவினைப் பற்றியது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் மூன்று

வெண்பா பிடித்துவிட்டதா? இதோ இன்னும் சில.

ஃப்ளோரன்ஸ்: 2018-ல் வந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருக்கும் 'மவுன்டன்ஸ்' குழு உருவாக்கியது. போனிலேயே ஆடலாம். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஃப்ளோரன்ஸ் என்ற 25 வயதுப் பெண்ணும், க்ரிஷ் என்ற இந்திய வம்சாவளி இசைக்கலைஞனும் காதலித்து, சேர்ந்து வாழ்ந்து, விலகும் கதை. முதல் சந்திப்பில் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் நாம் புதிர்த்துண்டுகளைச் சேர்க்க வேண்டும். பழகப் பழகத் துண்டுகளின் எண்ணிக்கை குறைகிறது, பேச்சு எளிதாகிறது. இதைவிட அழகாகப் பழக்கத்தைச் சொல்ல முடியுமா? கல்லூரி வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது.

எ ஷார்ட் ஹைக்: 2019-ல் வந்தது. ஆடம் ராபின்சன்-யூ என்ற கனடா கலைஞர் உருவாக்கியது. க்ளேர் என்ற குட்டிப் பறவைக்கு முக்கியமான ஒரு போன் வர வேண்டும். ஆனால் சிக்னல் இல்லை. மலை உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். மொட்டை மாடித் தொட்டிமேல் ஏறி நின்று பேசிய அனுபவம் உள்ள நமக்கு இந்தக் கதையைச் சொல்லிப் புரியவைக்கவே வேண்டாம்! போகிற வழியில் மீன் பிடிக்கலாம், பறக்கலாம், மற்றவர்களுக்கு உதவலாம். கணினியில் சிறுவர்களோடு சேர்ந்து ஆட அருமையானது. சுமார் இரண்டு மணி நேரம்.

மான்யுமென்ட் வேலி: 2014-ல் லண்டனின் 'அஸ்டூ' நிறுவனம் வெளியிட்டது. போனில் ஆடலாம். படிக்கட்டுகளையும் கோபுரங்களையும் திருப்பித் திருப்பி, கண்ணை ஏமாற்றும் பாதைகளில் ஒரு குட்டி இளவரசியை நடத்திச் செல்ல வேண்டும். பத்தே அத்தியாயங்கள். பெரும்பாலும் சைகை விளையாட்டுதான் என்பதால், ஆங்கிலம் தெரியாதவர்களும் ஆடலாம்.

காசு கொடுக்கணுமா?

ஆமாம். இவை பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. "ஒன்றரை மணி நேரத்துக்கு இவ்வளவா?" என்ற முணுமுணுப்பு உலகம் முழுக்க உண்டு. மான்யுமென்ட் வேலிக்குப் பிறகு வந்த கூடுதல் அத்தியாயங்களுக்குத் தனிக் காசு என்றதும், கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களும் உண்டு.

ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். முடிவில்லாத இலவச விளையாட்டு, விளம்பரமாகவும் உள்ளே விற்கும் சரக்காகவும் மாதாமாதம் நம்மிடம் வசூலித்துக்கொண்டே இருக்கும். இவற்றில் ஒரு முறை கொடுத்தால் முடிந்தது. குடும்பத்தில் நான்கு பேரும் ஆடலாம். விலை அவ்வப்போது தள்ளுபடியில் பாதிக்கும் கீழே இறங்கும். காத்திருந்து வாங்குவது புத்திசாலித்தனம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* விளையாட்டை இறக்கும் முன், "விளம்பரம் உண்டு", "உள்ளே வாங்க வேண்டியவை உண்டு" என்ற குறிப்புகள் இருக்கிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரில் விளையாட்டின் பெயருக்குக் கீழேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

* ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோர் அமைப்பில் மாற்றிவையுங்கள். அந்தப் பாஸ்வேர்டு பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

* "அரை மணி நேரம்தான்" என்பதைவிட "இந்த அத்தியாயம் முடிந்ததும்" என்று பேசிக்கொள்ளுங்கள். பாதியில் பிடுங்கும்போதுதான் சண்டை வரும். அத்தியாயம் உள்ள விளையாட்டில் நிறுத்தும் இடம் தானாகவே வரும்.

* ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து ஆடுங்கள். பிள்ளை கையில் மவுஸ் இருக்கட்டும். பெரியவர்கள் யோசனை சொல்லட்டும்.

* முடிந்ததும் உடனே அடுத்ததைத் தொடங்காதீர்கள். "உனக்கு எந்த இடம் பிடிச்சுது?" என்று கேளுங்கள். நீங்கள் எதிர்பாராத பதில் வரும்.

பிள்ளைகளை விளையாட்டிலிருந்தே பிரித்துவிட நம்மால் முடியாது. தாயக்கட்டையை உருட்டி வளர்ந்த நாம் அப்படி ஆசைப்படுவதும் நியாயமில்லை. எது ஆளை விடாது, எது ஆட்டம் முடிந்து வழியனுப்பி வைக்கும் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும். அடுத்த முறை பிள்ளை "இன்னும் ஒரே ஒரு லெவல்" என்றால், "கடைசி லெவல் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். பதில் இல்லையென்றால், விளையாட்டை மாற்றுங்கள்.